பிரின்ட்டுக்கு ரெடியான ஃபைல் வந்தால் எந்த வழியில் அடிப்பது? குமுளி, கம்பம் பக்கத்துக் கடைகளுக்கு ஓர் ஒப்பீடு

வேர்டு ஃபைலோ பிடிஎஃப்போ போட்டோவோ வந்தால் எந்த டிடிபி கடையிலும் யோசிக்க மாட்டார்கள். ‘பிரின்ட்டுக்கு ரெடியா இருக்கு, அப்படியே அடிச்சாப் போதும்’ என்று சொல்லி நீட்டப்படும் பென் டிரைவில்தான் வில்லங்கம். உள்ளே .பிஆர்என் என்றோ .பிஎஸ் என்றோ முடியும் ஃபைல் ஒன்று இருக்கும். டபுள் கிளிக் செய்தால், இதை எதில் திறப்பது என்று விண்டோஸ் நம்மையே திருப்பிக் கேட்கும்.

குமுளி, கம்பம், வண்டிப்பெரியாறு பக்கம் இது இன்னும் ஓயவில்லை. எஸ்டேட் ஆபீசிலும் ஏலக்காய்க் கடையிலும் பழைய கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. நோட்டீஸ் வேலை என்றால் மலையாளப் பகுதியைக் கட்டப்பனையில் ஒருவர் அடிப்பார், தமிழைக் கம்பத்தில் இன்னொருவர் சேர்ப்பார், அச்சு சிவகாசியில் நடக்கும். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயில் திறக்கும் சமயம், இரண்டு மொழி நோட்டீஸ் வேலை வந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு எழுத்துரு. போகிற இடத்தில் எழுத்து மாறிவிடுமோ என்று பயந்து யாராவது ஒருவர் ‘பிரின்ட் டு ஃபைல்’ என்பதை டிக் செய்து அனுப்பிவிடுகிறார். பயம் நியாயமானதுதான். ஆனால் தலைவலி வாங்கியவருக்கு.

அந்த ஃபைலை வைத்து நான்கு வழியில் ஏதாவது ஒன்றைச் செய்யலாம். அப்படியே பிரின்டருக்குத் தள்ளலாம். பிடிஎஃப் ஆக மாற்றி, கண்ணால் பார்த்துவிட்டு அடிக்கலாம். கோரல் டிரா மாதிரி ஒன்றில் திறந்து திருத்தி அடிக்கலாம். இல்லை, அனுப்பியவரிடமே வேறு வடிவம் கேட்கலாம். என் கட்சியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கைக்கு வந்துவிட்ட ஃபைலுக்கு இரண்டாவது வழி, இனி வரப்போகும் ஃபைலுக்கு நான்காவது வழி. முதல் வழி ஒரே ஒரு இடத்தில் மற்ற எல்லாவற்றையும் விட நல்லது. தமிழும் மலையாளமும் கலந்த வேலைக்கு மூன்றாவது வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் வரியில் என்ன இருக்கிறது?

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்னால் ஃபைலின் தலைப்பகுதியைப் பார்த்துவிட வேண்டும். பிஆர்என் என்று ஒரு தனி வடிவமே கிடையாது. பிரின்ட் கொடுத்ததும் டிரைவர் (பிரின்டரோடு பேசுவதற்காக கம்ப்யூட்டரில் போடும் மென்பொருள்) கேபிள் வழியாக என்ன அனுப்பியிருக்குமோ, அதை டிஸ்கில் எழுதி வைத்தால் அதுதான் பிஆர்என். எந்த பிரின்டரின் டிரைவரோ அந்த பிரின்டரின் மொழி உள்ளே இருக்கும். அதனால் இரண்டு பிஆர்என் ஃபைல்களுக்குள் பெயரைத் தவிர எந்த ஒற்றுமையும் இல்லாமல் போகலாம்.

நோட்பேடைத் திறந்து, ஃபைலை அதற்குள் இழுத்துப் போடுங்கள். பெரிய ஃபைல் என்றால் கொஞ்சம் திணறும், காத்திருங்கள். சதவீதக் குறியும் ஆச்சரியக்குறியும் வந்து, ஒட்டினாற்போல் பிஎஸ், அடோபி என்று இருந்தால் அது போஸ்ட்ஸ்கிரிப்ட், பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று பிரின்டருக்குச் சொல்ல 1984-இல் அடோபி வெளியிட்ட மொழி. சதவீதக் குறியை அடுத்து பிடிஎஃப் என்று இருந்தால் அதிர்ஷ்டம், ஃபைல் பெயரின் வாலை மட்டும் மாற்றினால் போதும். பி, கே என்ற இரண்டு எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் எக்ஸ்பிஎஸ், பிடிஎஃப் மாதிரி மைக்ரோசாஃப்டின் சொந்த வடிவம். ‘அட்’ குறியோடு பிஜேஎல் (பிரின்டருக்கான முன்னறிவிப்புக் கட்டளை) என்ற வரிகள் வந்தால் அவற்றில் ‘என்டர் லாங்குவேஜ்’ என்பதைத் தேடுங்கள். பிசிஎல், பிசிஎல்எக்ஸ்எல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று அந்த வரியே சொல்லிவிடும். பிசிஎல் எச்பியின் மொழி, லேசர்ஜெட்டோடு பரவியது. பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்தால் உள்ளே எழுத்தல்லாத வடிவில் இருக்கும் தகவல் சிதைந்துவிடும்.

இன்னொரு ரகமும் உண்டு. திறந்தால் பெயர், எடை, விலை என்று பத்தி பத்தியாகச் சுத்தமான எழுத்து தெரியும். எக்செல்லில் ‘ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்’ என்று சேமித்தாலும் வால் பிஆர்என்தான், அதனால் வரும் குழப்பம் இது. வெறும் எழுத்து ஃபைல், பயப்பட ஒன்றுமில்லை. கூரியர் நியூ மாதிரி எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவுக்கு மாற்றி, பக்கத்தைக் குறுக்கே திருப்பி அடித்தால் சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். எக்செல் ஒரு வரிக்கு 240 எழுத்துதான் வைக்கும், மிச்சம் கீழே போய்விடும். கூலிப் பட்டியலில் கடைசிப் பத்திகள் காணாமல் போனால் ஃபைலின் அடிப்பகுதியில் தேடுங்கள்.

அப்படியே தள்ளுவது

இதைவிட வேகமான வழி கிடையாது. எந்த மென்பொருளும் வேண்டாம். பிரின்டரை விண்டோஸில் ஷேர் செய்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் ‘காப்பி’ கட்டளை, ஒரு சாய்கோடும் பி எழுத்தும், ஃபைலின் பெயர், பிறகு ஷேர் செய்த பிரின்டரின் முகவரி. அவ்வளவுதான். யூஎஸ்பி பிரின்டருக்கும் இதே வழி. அந்தச் சாய்கோடு பி-யை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் போனால் ஃபைலுக்குள் 26 என்ற குறியீடு வரும் இடத்தை ‘இத்தோடு முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டு அச்சு பாதியில் நிற்கக்கூடும். லினக்ஸில் எல்பி கட்டளையோடு ‘ரா’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் அதே வேலை. நெட்வொர்க் பிரின்டர்கள் பெரும்பாலும் 9100 என்ற போர்ட்டில் இப்படி நேரடியாக வாங்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, உங்கள் பிரின்டருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் பார்க்கும் சின்ன லேசர்களுக்குத் தெரியாது. கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றில் பக்கத்தை உருவாக்கும் வேலை முழுவதும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. பிரின்டர் புள்ளிகளை வாங்கித் தாளில் வைக்கிறது, அவ்வளவே. எப்சன் இங்க் டேங்குகளுக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் புரியாது. இவற்றுக்கு ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலைத் தள்ளினால் ஒன்றுமே வராமல் விளக்கு மட்டும் சிமிட்டலாம். எழுத்தை அப்படியே அச்சடிக்கும் பிரின்டர் என்றால் இன்னும் மோசம். திருவிழா நோட்டீஸுக்குப் பதிலாக அதன் நிரல் வரிகள் தாள் தாளாகக் கொட்டும். அப்போது முதலில் தாள் டிரேயை உருவுங்கள், அப்புறம் பிரின்டரிலேயே கேன்சல் கொடுங்கள், கடைசியாக கம்ப்யூட்டரில் வரிசையைக் காலி செய்யுங்கள். வரிசையை மட்டும் காலி செய்தால், பிரின்டர் ஏற்கெனவே விழுங்கியது வந்துகொண்டேதான் இருக்கும்.

மொழி பொருந்தினாலும் தொந்தரவு தீராது. மூன்றாம் பக்கம் மட்டும் வேண்டும் என்று கேட்க முடியாது. எத்தனை பிரதி, எந்த டிரே, என்ன தாள் அளவு எல்லாமே உள்ளே எழுதப்பட்டுவிட்டது. அனுப்பியவர் தாளை லெட்டர் அளவில் விட்டிருந்தால், ஏ4 தாள் நிரம்ப வைத்திருக்கும் உங்கள் பிரின்டர் லெட்டர் தாள் கேட்டு நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேல், அடிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஐந்நூறு பிரதி வேலைக்கு அந்தத் துணிச்சல் எனக்குக் கிடையாது.

சரி, இந்த வழி ஜெயிக்கும் ஒரே இடம் எது? டாட் மேட்ரிக்ஸ். எடைச் சீட்டு, கூலிச் சீட்டு, 132 எழுத்து அகலத்தில் ஓட்டைத்தாளில் போகும் ரிப்போர்ட். இவற்றைத் தரும் பழைய மென்பொருளின் ஃபைலில் எழுத்தும் எப்சன் வகுத்த இஎஸ்சி/பி கட்டளைகளும் மட்டுமே இருக்கும். அதைப் பிடிஎஃப் ஆக்கி டாட் மேட்ரிக்ஸில் அடித்தால், படமாக வரைய ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு நேரம் இழுக்கும், கார்பன் பிரதியில் எழுத்தும் மங்கும். நேராகத் தள்ளினால் பிரின்டர் தன் சொந்த எழுத்தில் சடசடவென்று அடித்துவிடும். இங்கே வேறு வழியைத் தேடுவது வீண் வேலை.

பிடிஎஃப் ஆக்கிப் பார்த்து அடிப்பது

போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலுக்கு கோஸ்ட்ஸ்கிரிப்ட் போதும். எல். பீட்டர் டாய்ச் 1988-இல் வெளியிட்டது, இன்று ஆர்ட்டிஃபெக்ஸ் நிறுவனம் பராமரிக்கிறது, இலவசமாகவே கிடைக்கும். கட்டளை வரி பிடிக்காதவர்கள் கோஸ்ட்ஸ்கிரிப்டை நிறுவிவிட்டு, கூடவே சுமத்ரா பிடிஎஃப்பையும் போட்டுக்கொள்ளலாம். பிஆர்என் என்ற வாலை பிஎஸ் என்று மாற்றினால் சுமத்ராவில் நேராகத் திறக்கும், பார்த்து அங்கிருந்தே அடிக்கலாம். காசு கொடுத்து வாங்கிய அக்ரோபாட் இருந்தால் அதோடு வரும் டிஸ்டிலரும் இதைத்தான் செய்கிறது. பிசிஎல் ஃபைலுக்கு கோஸ்ட்பிசிஎல் என்று தனியாக ஒன்று உண்டு. எக்ஸ்பிஎஸ் என்றால் விண்டோஸின் எக்ஸ்பிஎஸ் வியூவர் போதும், ஆனால் விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அது தானாக வருவதில்லை, ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பகுதியில் போய்ச் சேர்க்க வேண்டும். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2022-இல் வந்த வென்சுரா என்ற மேக் பதிப்பிலிருந்து, அதோடு வரும் பிரிவ்யூ செயலி போஸ்ட்ஸ்கிரிப்டைத் திறப்பதில்லை. மேலே சொன்ன சின்ன லேசர்களின் சொந்த வடிவத்தில் எழுதப்பட்ட பிஆர்என் என்றால் மட்டும் இந்த வழி கைகொடுக்காது. அதே மாடல் பிரின்டரைத் தேடிப் போக வேண்டும், அல்லது நான்காவது வழி.

நம் வேலைக்கு இந்த வழியின் பெரிய பலம் எழுத்துரு. பிரின்டருக்குள் தமிழோ மலையாளமோ கிடையாது என்பதால், டிரைவர் அந்த எழுத்துகளின் உருவத்தையும் ஃபைலோடு சேர்த்தே அனுப்புகிறது. எனவே உங்கள் கம்ப்யூட்டரில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவும் இல்லை, மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் ஐஎஸ்எம் மென்பொருளோடு வரும் மலையாள எழுத்துருக்களும் இல்லை என்றாலும், கட்டப்பனையில் கண்ட அதே உருவம் கம்பத்திலும் தெரியும். ஆங்கிலப் பகுதியைத்தான் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பிரின்டரிலேயே அந்த எழுத்துரு இருக்கிறது என்று டிரைவர் நம்பி விட்டுவைத்திருந்தால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் வேறொன்றைப் போட்டு நிரப்பும். திரையில் பெரிதாக்கும்போது எழுத்து முள் முள்ளாகத் தெரிந்தால், அனுப்பியவரின் டிரைவர் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பியிருக்கிறது என்று அர்த்தம். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் இருந்தால் தாளில் நன்றாகவே வரும்.

மாற்றும்போது தரம் கேட்கும் இடம் ஒன்று வரும். ‘ஸ்கிரீன்’ என்றால் படங்கள் 72 டிபிஐ ஆகிவிடும், ‘ஈபுக்’ 150, ‘பிரிபிரஸ்’ 300. நான் இரண்டு ஃபைலாகச் செய்வேன். ‘ஸ்கிரீன்’ அளவில் ஒன்றைச் செய்து வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்குப் புரூஃப் அனுப்புவது, ‘பிரிபிரஸ்’ அளவில் இன்னொன்றை அச்சுக்கு வைப்பது. வாடிக்கையாளர் ‘ஓகே’ போட்ட பிறகு அவசரத்தில் சின்ன ஃபைலையே அடித்துவிடாமல் இருக்க, பெயரிலேயே வித்தியாசம் காட்டிவிடுவது நல்லது.

போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு நிரல் மொழி என்பதை மறக்க வேண்டாம். அந்த ஃபைலைத் திறப்பது ஒரு நிரலை ஓடவிடுவதுதான். 2019-இல் வந்த கோஸ்ட்ஸ்கிரிப்ட் 9.50 முதல் பாதுகாப்பு முறை தானாகவே இயங்குகிறது, அதனால் பழைய பதிப்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். ஆன்லைனில் மாற்றித் தரும் தளங்கள் நோட்டீஸுக்குப் பரவாயில்லை. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள கூலிப் பட்டியலை அங்கே ஏற்றுவது அடுத்தவர் வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பது மாதிரி.

கோரலில் திறந்து திருத்துவது

ஆசை யாருக்கும் வரும். ஒரு தேதிதான் மாற வேண்டும், அதற்காக மறுபடி கட்டப்பனைக்குப் போன் போட வேண்டுமா? கோரல் டிரா, இன்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் டிரா எல்லாமே போஸ்ட்ஸ்கிரிப்டையோ பிடிஎஃப்பையோ ஏதோ ஒரு விதத்தில் திறந்துவிடும். அங்கேதான் பொறி.

பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். பாமினியின் உருவம் மேலே போர்த்தப்பட்டிருக்கும்வரை தமிழ். திருத்துவதற்காகத் திறந்ததும், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர் ஏரியலைப் போட்டுவிடும், அம்மா மறைந்து அரைப்புள்ளிகள் நிற்கும். ஐஎஸ்எம் மலையாளத்துக்கும் இதே கதி. யூனிகோடு என்றால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பிடிஎஃப்பில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கிடக்கின்றன. ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. திருத்தும் மென்பொருள் அவற்றைத் திரும்ப எழுத்தாகக் கோக்கும்போது கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மலையாளத்தில் இன்னும் சிக்கல். 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்துகளைக் காட்டும் எழுத்துருவும் உண்டு, பிரித்துக் காட்டும் எழுத்துருவும் உண்டு. எழுத்துரு மாறினால் சொல்லின் தோற்றமே மாறும். மலையாளம் படிக்கத் தெரியாத நம் ஆளுக்கு அது கண்ணில் படவும் படாது, நோட்டீஸ் வெளியான பிறகு அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்லித்தான் தெரியும்.

கட்டாயம் இந்த வழிதான் என்றால், இறக்குமதி செய்யும்போது ‘டெக்ஸ்ட்’ வேண்டாம், ‘கர்வ்ஸ்’ என்று தேர்ந்தெடுங்கள். எழுத்து வெறும் வடிவமாக வரும், ஒன்றும் உடையாது. பழைய தேதியின் மேல் வெள்ளைப் பெட்டி வைத்து மறைத்து, புதிய தேதியைத் தனியாக அடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அதில் கை வைக்க வேண்டாம்.

கேட்டு வாங்குவது

பலரும் கூச்சப்பட்டுத் தவிர்க்கும் வழி இது. ‘சேட்டா, பிஆர்என் வேண்டா, பிடிஎஃப் அயச்சா மதி’ (அண்ணே, பிஆர்என் வேண்டாம், பிடிஎஃப் அனுப்பினால் போதும்) என்ற ஒரு வரி போன் போதும். ஆஃபீஸ் வேலை என்றால் இவ்வளவு கேட்டால் போதுமானது. விண்டோஸ் 10 முதல் ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ கம்ப்யூட்டரோடே வருகிறது.

சிவகாசி ஆஃப்செட்டுக்குப் போகிற வேலை என்றால் கொஞ்சம் குறிப்பாகக் கேளுங்கள்: பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ. ஐஎஸ்ஓ 15930 என்ற தரத்தின் ஒரு பகுதி இது. எழுத்துரு உள்ளேயே இருக்க வேண்டும், நிறம் ஆர்ஜிபியில் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை) இருக்கக் கூடாது, டிரான்ஸ்பரன்சி (அடியில் உள்ளது தெரியும் ஊடுருவல்) கூடாது என்று கண்டிப்பு. நிழல், மங்கல் வேலையெல்லாம் உள்ள புதிய டிசைன் என்றால் அதே தரத்தின் பிடிஎஃப்/எக்ஸ்-4 சௌகரியம், ஆனால் அச்சகம் அதை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்டுக்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடச் சொல்லுங்கள். ஃபைல் வந்ததும் அடோபி ரீடரில் கன்ட்ரோலும் டி-யும் அழுத்தி ‘ஃபான்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். எல்லா எழுத்துருவுக்கும் நேரே ‘எம்பெடட்’ என்று இருந்தால் நிம்மதி.

பிடிஎஃப்பிலும் இடறும் இடங்கள் உண்டு. பிரவுசரிலிருந்தோ, ரீடரில் ‘ஃபிட்’ என்று விட்டோ அடித்தால் பக்கம் கொஞ்சம் சுருங்கும். அளவு முக்கியமான ஸ்டிக்கர், அட்டை, படிவம் எல்லாம் ‘ஆக்சுவல் சைஸ்’ வைத்துத்தான். திரையில் சரியாக இருக்கும் தமிழ் தாளில் மட்டும் உடைந்தால், ரீடரின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘பிரின்ட் ஆஸ் இமேஜ்’ டிக் செய்து பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்தப் பக்கம் கேரள அரசின் அக்‌ஷயா மையத்திலும் இந்தப் பக்கம் இ-சேவையிலும் டிஜிட்டல் கையெழுத்தோடு எடுத்துத் தரும் பிடிஎஃப் சான்றிதழ்களை மறுபடி ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ கொடுத்துச் சேமிக்காதீர்கள். பார்க்க அப்படியே இருக்கும், டிஜிட்டல் கையெழுத்து போயிருக்கும். தாளில் அடிப்பதற்கும், அடுத்தவருக்கு அனுப்புவதற்கும் வந்த ஃபைலையே பயன்படுத்துங்கள்.

அனுப்புகிறவரிடம் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும்தான் இருக்கிறது, பிடிஎஃப் செய்ய வழியில்லை என்றால்? பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல், இன்னும் அதில் வேகமாக வேலை செய்கிறவர்கள் நம் பக்கம் உண்டு. அவர்களை மாறச் சொல்லி உபதேசம் செய்வதில் பயனில்லை. பிரின்டரே இல்லாவிட்டாலும் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவரை மட்டும் அவர்கள் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுங்கள். தாள் அளவை ஏ4 ஆக்கி, ட்ரூடைப் எழுத்துருக்களை ‘அவுட்லைன்’ ஆக அனுப்பும்படி வைத்து, அதிலிருந்து ‘பிரின்ட் டு ஃபைல்’ செய்யச் சொல்லுங்கள். அவர்கள் பழக்கம் மாறாது, வருவது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்பதால் இங்கே கோஸ்ட்ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். முதல் தடவை மட்டும் இரண்டு மொழியும் உள்ள ஒரு பக்கத்தைச் சோதனைக்கு வாங்கி, மாற்றிய பிடிஎஃப்பை அவருக்கே வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பி, மலையாளத்தை அவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.